கான்ட்ராஸ்டுக்குப் போட்டி இரத்தம்தான்

கேள்வி இது. எம்.டெக். பயோமெடிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி ஆப்டோஅகவுஸ்டிக் படமாக்கலில், அதாவது லேசர் ஒளியை உடலுக்குள் அனுப்பி அங்கிருந்து கிளம்பும் ஒலியை வைத்துப் படம் எடுக்கும் முறையில், ப்ராஜெக்ட் எடுத்திருக்கிறார். தங்க நானோராட் (நானோ அளவுத் தங்கக் குச்சி) வாங்கித் தரச் சொல்லி கைடிடம் கேட்டதற்கு அவர், "ஐசிஜி போதாதா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் போய்விட்டாராம். (ஐசிஜி என்பது ஆஸ்பத்திரிகளில் வெகுநாளாகப் புழங்கும் ஒரு பச்சைச் சாயம்.) "எது சரி? இந்தக் கான்ட்ராஸ்ட் ஏஜென்ட், ப்ரோப் எல்லாம் எப்படி வேலை செய்கின்றன? எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? கட்டுரைகளைப் பார்த்தால் எல்லாமே பளிச்சென்று தெரிகிறது, எல்லாமே நல்லது என்றுதான் எழுதியிருக்கிறார்கள்" என்கிறார்.

கைடு சொன்னதில் முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசிக்குத்தான் இந்த நீளமான பதில். நானும் இதே சென்னையில், இதே மாதிரி ஒரு ஆய்வகத்தில், லேசரோடும் தண்ணீர்த் தொட்டியோடும் சில வருஷம் குப்பை கொட்டியவன். நீங்கள் இப்போது செய்யப்போகும் தப்புகளில் பாதியை நான் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஸ்கேன் சென்டரில் "ப்ரோப்" என்றால் ஜெல் தடவி வயிற்றில் வைத்து உருட்டுகிற அந்தக் கைப்பிடி. நம் பேச்சில் ப்ரோப் என்பது உடலுக்குள் போய் ஏதோ ஒன்றைத் தேடிப் பிடித்து, அல்லது ஏதோ ஒன்றைப் பார்த்ததும் நிறம் மாறி, நமக்குச் சேதி சொல்லும் மூலக்கூறு. கான்ட்ராஸ்ட் ஏஜென்ட் என்பது அதைவிடப் பொதுவான பெயர், நம் ஊர் நர்ஸ்கள் "டை போட்டு ஸ்கேன்" என்பார்களே, அந்த டை. ஆப்டோஅகவுஸ்டிக், ஃபோட்டோஅகவுஸ்டிக் இரண்டும் ஒன்றேதான். எழுதுகிற குழு எது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும், அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட அறையில் இருந்தவர்களுக்கு இது தெரியும்: மேகம் விலகி வெயில் சுள்ளென்று விழுந்த கொஞ்ச நேரத்தில் கூரை 'டக்... டக்' என்று சத்தம் போடும். தகரம் சூடேறுகிறது, விரிகிறது, விரிய இடமில்லாமல் ஆணியோடு மல்லுக்கட்டுகிறது, சத்தம் வருகிறது. இதே கதையைச் சில நிமிடங்களில் நடத்தாமல் ஐந்து, பத்து நானோசெகண்டுக்குள் நடத்தினால் கிடைப்பதுதான் நம் சிக்னல். லேசர் பல்ஸ் தசைக்குள் போகிறது, ஒளியை உறிஞ்சும் பொருள் எங்கே இருக்கிறதோ அங்கே சட்டென்று சூடு ஏறுகிறது, அந்த இடம் துளியூண்டு விரிகிறது, அதிலிருந்து அல்ட்ராசவுண்ட் கிளம்புகிறது. எவ்வளவு சூடு என்றால், ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கே சுமார் 800 பாஸ்கல் அழுத்தம் கிடைத்துவிடும், ஒலியைப் பிடிக்கும் இன்றைய டிரான்ஸ்டியூசர்களுக்கு அது தாராளம். ஒளி தசைக்குள் ஒரு மில்லிமீட்டர் போவதற்குள் திசை கெட்டுச் சிதறிவிடும், ஒலி அப்படிச் சிதறாது. அதனால் உள்ளே போவது ஒளி, வெளியே வருவது ஒலி என்று வைத்துக்கொண்டால் சில செ.மீ. ஆழம்வரை தெளிவான படம் கிடைக்கும்.

இது புதுசும் இல்லை. அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1880-லேயே, துளை போட்ட சக்கரத்தைச் சுழற்றி வெயிலைத் துண்டு துண்டாக நறுக்கி, அதை மெல்லிய தகடுகள் மேல் விழவைத்துச் சத்தம் கேட்டுவிட்டார். அடுத்த வருஷம் அவரும் உதவியாளர் டெய்ன்டரும் பல பொருள்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில் விளக்குக் கரி பலமாகச் சத்தம் போட்டது. நம் வீட்டில் கண்மைக்குப் பிடிப்பார்களே, அதே கரி. கறுப்பு ஒளியைக் குடிக்கும், குடித்ததைச் சூடாக்கும், சூடு சத்தமாகும். உலகத்தின் முதல் ஆப்டோஅகவுஸ்டிக் கான்ட்ராஸ்ட் ஏஜென்ட் எது என்று யாராவது கேட்டால் நான் விளக்குக் கரியைத்தான் சொல்வேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சி.டி.-க்குப் போடும் அயோடின் எக்ஸ்ரேயைத் தடுத்தால் போதும். ஃபுளோரசன்ஸ் சாயம் குடித்த ஒளியை வேறு நிறத்தில் திருப்பித் தர வேண்டும். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்: குடித்ததைத் திருப்பித் தராத கஞ்சன்தான் நமக்கு நல்ல சாயம். நூறு ஃபோட்டான் குடித்து தொண்ணூறைத் திருப்பித் தரும் சாயம் ஃபுளோரசன்ஸ்காரர்களுக்குத் தங்கம், நமக்கு உதவாது. "இந்தச் சாயம் மைக்ராஸ்கோப்பில் பிரமாதமாக ஒளிர்கிறது, இதை எடுத்துக்கொள்ளலாமா?" என்று என்னிடமே இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒளிர்கிறது என்றாலே நம் பங்கில் கொஞ்சம் போய்விட்டது என்று அர்த்தம்.

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. உடலுக்குள் நீங்கள் ஊசி போடுவதற்கு முன்பே ஒரு பிரமாதமான கான்ட்ராஸ்ட் ஏஜென்ட் ஐந்து லிட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது: இரத்தம். ஹீமோகுளோபின் ஒளியை நன்றாகக் குடிக்கும், ஏறக்குறைய ஒளிர்வதே இல்லை. அதுவும் ஆக்ஸிஜன் ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் வெவ்வேறு அலைநீளங்களில் வெவ்வேறு அளவு குடிக்கும், 800 நானோமீட்டர் பக்கத்தில் மட்டும் இரண்டும் சமமாகும். அதனால் இரண்டு மூன்று அலைநீளங்களில் படம் எடுத்தால் எந்த ரத்தக்குழாயில் எவ்வளவு ஆக்ஸிஜன் என்று சாயமே இல்லாமல் கணக்குப் போட்டுவிடலாம். இந்தத் துறையில் மருத்துவமனைவரை போய்ச் சேர்ந்த பெரிய விஷயங்கள் பெரும்பாலும் இந்த வழியில் போனவைதான். 2021 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மார்பகக் கட்டிகளுக்காக அனுமதித்த இமேஜியோ கருவி 757, 1064 என்று இரண்டே அலைநீளங்களை வைத்து வேலை செய்கிறது, ஊசியும் இல்லை சாயமும் இல்லை. 2017-ல் ஜெர்மானியக் குழு ஒன்று க்ரோன் நோயாளிகளின் குடல் சுவரில் அழற்சி எவ்வளவு என்று வயிற்றின் மேலிருந்தே அளந்து காட்டியதும் ஹீமோகுளோபினை வைத்துத்தான்.

அப்படியென்றால் சாயம் எதற்கு? இரத்தம் சொல்லாத சேதியும் இருக்கிறதே. நிணநீர்க் குழாய்க்குள் இரத்தம் கிடையாது. ஒரு செல்லின் மேல் எந்தப் புரதம் இருக்கிறது, ஒரு நொதி வேலை செய்கிறதா, இதையெல்லாம் ஹீமோகுளோபின் சொல்லாது. அதற்குத்தான் சாயமும் ப்ரோபும். ஆனால் இந்தச் சேதியைச் சொல்ல வருகிற ஒவ்வொரு சாயமும் அந்த ஐந்து லிட்டரோடு போட்டி போட்டாக வேண்டும். கட்டுரைகளில் எல்லாமே பளிச்சென்று தெரிவதற்குக் காரணம், முதல் படத்தில் சாயம் ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீருக்கு நடுவே தனியாக இருப்பதுதான். ஊரில் போட்டியே இல்லையென்றால் யாரும் கவுன்சிலர் ஆகலாம்.

போட்டி எவ்வளவு கடுமை என்று ஒரு தடவை கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள், நான் சொல்வதை நம்பவே வேண்டாம். ஒரு லிட்டர் இரத்தத்தில் 150 கிராம் ஹீமோகுளோபின் என்று வைத்தால், 800 நானோமீட்டரில் இரத்தத்தின் உறிஞ்சல் கெழு (எவ்வளவு ஒளி குடிக்கும் என்பதன் அளவு) சென்டிமீட்டருக்கு நாலரை பக்கம் வரும். ஐசிஜி, அதாவது இண்டோசயனின் கிரீன், பிளாஸ்மாவில் அதே இடத்தில் ஒரு மைக்ரோமோலார் (லிட்டருக்கு ஒரு மைக்ரோமோல்) செறிவுக்கு 0.44 பக்கம். ஆக, இரத்தத்துக்குச் சமமாகத் தெரிய மட்டுமே 10 மைக்ரோமோலார் வேண்டும். இப்போது ஊசிக்கு வாருங்கள். ஒரு குப்பியில் 25 மில்லிகிராம். மூலக்கூறு எடை 775. அப்படியென்றால் 32 மைக்ரோமோல். அதை ஐந்து லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு ஆறரை மைக்ரோமோல். ஒரு குப்பியை முழுசாக ஏற்றினாலும் நன்றாகக் கலந்த பிறகு ஐசிஜி இரத்தத்துக்குக் கீழேதான் நிற்கிறது. அதோடு விட்டதா? கல்லீரல் அதை இழுத்துப் பித்தநீரில் தள்ளிக்கொண்டே இருக்கும், மூன்று நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை பாதியாகும். பத்து நிமிடத்தில் ஒரு மைக்ரோமோலாருக்கும் கீழே போய்விடும், அதாவது இரத்தத்தில் பத்தில் ஒரு பங்கு சிக்னல். கட்டிக்குள் கசிந்து தங்குவது அதிலும் ஒரு துளி.

லேசரை ஏற்றினால் என்ன என்று கேட்பீர்கள். தோலுக்குப் பாதுகாப்பு வரம்பு இருக்கிறது: 700 நானோமீட்டர்வரை சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லிஜூல், 800-ல் சுமார் 32, 1064-ல் 100. அதோடு, லேசரை ஏற்றினால் இரத்தத்தின் சத்தமும் கூடவே ஏறும். போட்டியாளருக்கும் சேர்த்து மைக் கொடுத்த கதைதான்.

இந்தக் கணக்கு மண்டையில் ஏறிய பிறகு எனக்கு ஒரு கட்டுரையில் கண் முதலில் போகும் இடமே மாறிவிட்டது. சாயம் எவ்வளவு பிரகாசம் என்று பார்ப்பதில்லை, அதை இரத்தத்திலிருந்து எப்படிப் பிரித்தார்கள் என்று பார்ப்பேன். பிரிப்பதற்கு நாலைந்து வழிதான் உண்டு, எந்தச் சாயத்தை எடுத்தாலும் அதில் ஏதாவது ஒரு வழியில் விழும்.

எளிதான வழி, இரத்தம் இல்லாத இடத்தில் சாயத்தைப் போடுவது. மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குளில் எந்த நெறிக்கட்டிக்கு நோய் முதலில் போயிருக்கும் என்று தேட, நம் ஊர் சர்ஜன்கள் மெத்திலீன் ப்ளூவை மார்புக் காம்புப் பக்கம் ஊசியில் போட்டு, கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டு, பிறகு அக்குளைத் திறந்து நீலமாகத் தெரியும் முடிச்சை எடுப்பார்கள். 1876-ல் ஜவுளிச் சாயமாகப் பிறந்த சரக்கு, விலை மலிவு, எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும். ஒரு சதவீதக் கரைசல் என்றால் கிட்டத்தட்ட 30 மில்லிமோலார். மேலே பார்த்த ஆறரை மைக்ரோமோலாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சில ஆயிரம் மடங்கு. நிணநீரில் நீர்த்துப்போனாலும் பரவாயில்லை, அங்கே ஹீமோகுளோபின் இல்லை. ஆப்டோஅகவுஸ்டிக்கில் நெறிக்கட்டித் தேடலுக்கு மெத்திலீன் ப்ளூவும் ஐசிஜியும் ஜம்மென்று வேலை செய்ய இதுதான் காரணம், மற்றபடி அவை ஒன்றும் அபூர்வ மூலக்கூறுகள் இல்லை. 2015-ல் ஜெர்மனியில் மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் உள்ளவர்களிடம் செய்த ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஐசிஜியை வைத்து நெறிக்கட்டி எங்கே என்று கண்டுபிடித்தார்கள், அதற்குள் புற்று பரவியிருக்கிறதா என்று மெலனோமா செல்களே சுமந்துவரும் மெலனினை வைத்துப் பார்த்தார்கள். இடத்தைச் சொல்ல வெளிச் சாயம், நோயைச் சொல்ல உள் சாயம்.

மெத்திலீன் ப்ளூவுக்கும் வில்லங்கம் உண்டு. அதன் உச்சம் 665 நானோமீட்டர் பக்கம், அங்கே ஆக்ஸிஜன் இல்லாத ஹீமோகுளோபின் ஆக்ஸிஜன் ஏறியதைப்போல் பத்து மடங்கு குடிக்கும், ஆக நரம்பெல்லாம், நான் சொல்வது சிரைகளை, கூடவே பளிச்சிடும். பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் 660-ல்தான் பார்க்கிறது, அதனால் இந்தச் சாயம் ரத்தத்தில் ஏறியதும் மானிட்டரில் ஆக்ஸிஜன் அளவு தடதடவென்று இறங்கும், நோயாளி நன்றாகத்தான் இருப்பார், புதிதாகச் சேர்ந்த மயக்க மருந்து டாக்டருக்குத்தான் வியர்க்கும். செல்லுக்குள் போனால் நிறமே இல்லாத வடிவத்துக்கு மாறிவிடும், சிக்னல் மங்கிப்போகும். செறிவு கூடினால் மூலக்கூறுகள் ஜோடி சேர்ந்து உச்சத்தை 610 பக்கம் நகர்த்திவிடும்.

ஐசிஜி இதில் இன்னும் மோசமான நாடகக்காரி. 1959-லிருந்து மனிதர்களுக்குப் போடுகிறார்கள், கண் ஆஸ்பத்திரிகளில் விழித்திரைக்குப் பின்னால் உள்ள குழாய்களைப் பார்க்க இன்றைக்கும் இதுதான். குப்பியைத் திறந்தால் கரும்பச்சைப் பொடி. கூடவே வருகிற ஊசித் தண்ணீரை விட்டு ஆட்டினால் நொடியில் கரைந்து, பார்க்க அடர்த்தியான மணத்தக்காளிச் சாறு மாதிரி இருக்கும். அதை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டு மறுநாள் வந்து அளந்தால், நீங்கள் அளப்பது ஐசிஜியே இல்லை. கரைத்தால் ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், வெளிச்சம் படக்கூடாது, சலைனில் கரைக்கக்கூடாது, திரிந்துபோகும். தண்ணீரில் உச்சம் 780, பிளாஸ்மாவில் ஆல்புமின் என்கிற புரதத்தைக் கட்டிக்கொண்டதும் 805, செறிவு கூடினால் 700 பக்கம் ஒரு மேடு, சூடாக்கிப் பக்குவமாக அடுக்கினால் 890 பக்கம் கூர்மையாக ஒரு சிகரம். ஒரே சாயத்துக்கு நாலு முகம். தண்ணீரில் எடுத்த ஸ்பெக்ட்ரத்தை வைத்துக்கொண்டு எலிக்குள் ஐசிஜியைத் தேடினால் கிடைக்காது, அந்த முகத்தோடு அது அங்கே இல்லவே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் ஸ்பெக்ட்ரத்தைச் சீரத்தில் எடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

இரண்டாவது வழி, நிறமாலை வடிவத்தை வைத்துப் பிரிப்பது. ஐந்தாறு அலைநீளங்களில் படமெடுத்து, இந்தப் புள்ளியில் இவ்வளவு ஆக்ஸிஹீமோகுளோபின், இவ்வளவு டிஆக்ஸி, இவ்வளவு சாயம் என்று கணக்கில் பிரிப்பார்கள். எம்எஸ்ஓடி (மல்டிஸ்பெக்ட்ரல் ஆப்டோஅகவுஸ்டிக் டோமோகிராஃபி) என்று மியூனிக் பக்கம் வாசிலிஸ் ஜியாக்ரிஸ்டோஸ் குழு வளர்த்த முறையின் உயிரே இதுதான். இதற்குச் சாயத்தின் உச்சம் குறுகலாக, விழுகிற இடம் செங்குத்தாக இருக்க வேண்டும். அகலமாக மொழுக்கென்று இருக்கும் நிறமாலை இரத்தத்தோடு கலந்துவிடும். கார்பன் நானோட்யூபும் கிராஃபீனும் எல்லா அலைநீளத்திலும் குடிக்கும், குழாயில் அற்புதமாகத் தெரியும், ஆனால் தனி முகம் இல்லாததால் உடலுக்குள் அடையாளம் காட்டுவது கஷ்டம்.

இதில் ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்த குழி இல்லை, ஆனால் விழுந்தவர்கள் நிறையப் பேர். ஒளி ஆழத்துக்குப் போகும் வழியிலேயே இரத்தம் சில அலைநீளங்களை அதிகமாகத் தின்றுவிடும். இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் சாயத்துக்கு வந்து சேரும் ஒளியின் நிறக் கலவை, தோலில் விழுந்த கலவை இல்லை. பச்சைக் கண்ணாடி ஜன்னல் வழியாக வருகிற வெயிலில் வெள்ளைச் சட்டையின் நிறத்தைத் தீர்ப்புச் சொல்வது மாதிரி. அதனால் ஆழத்தில் ஆக்ஸிஜன் அளவும் தப்பாகும், இல்லாத இடத்தில் சாயம் இருப்பதாகவும் கணக்கு காட்டும். ஊசி போடுவதற்கு முன்னும் பின்னும் அதே இடத்தில் படம் எடுத்து வித்தியாசம் பார்க்காத எந்த முடிவையும் நான் முழுசாக நம்புவதில்லை.

இப்போது உங்கள் நானோராட். தங்கம் என்றதும் நம்மவர்களுக்குத் தங்கபஸ்பம் ஞாபகத்துக்கு வரும், இது வேறு சமாச்சாரம். தங்க உருண்டை நானோ அளவில் இருந்தால் 520 நானோமீட்டரில் குடிக்கும், கரைசல் ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கும். அதையே குச்சியாக நீட்டினால், நீளம் அகலத்தைப்போல் நாலு மடங்கு ஆகும்போது உச்சம் 800 பக்கம் போய்விடும். 10 நானோமீட்டர் அகலம், 40 நானோமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குச்சி குடிக்கிற ஒளி ஒரு சாய மூலக்கூறைவிடப் பல்லாயிரம் மடங்கு, உச்சத்தை விரும்பிய இடத்துக்கு நகர்த்தலாம், மேலே ஆன்டிபாடியை ஒட்டலாம். கேட்க ஜோர்தான்.

ஆனால் லேசர் பல்ஸ் விழும்போது குச்சியே உருகும். கண்ணுக்கு முன்னால் நடக்கிற விஷயம் இது. பழுப்பாக இருந்த கரைசல் சில நிமிடங்களில் ரோஸ் பக்கம் சாயும், ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால் 800-ல் இருந்த சிகரம் சரிந்து 520-ல் மேடு ஏறியிருக்கும். குச்சி உருண்டையாகிவிட்டது, இனி அது உங்கள் லேசருக்குத் தெரியாது. முதல் பல்ஸ்களில் அள்ளிக் கொடுத்துவிட்டு அப்புறம் கையை விரிக்கும். சிலிக்கா பூச்சு கொடுத்தால் வடிவம் தாக்குப்பிடிக்கும், சூடு தண்ணீருக்கு வேகமாகப் போவதால் சிக்னலும் கூடும். செய்முறையில் சேர்க்கும் சிடிஏபி என்கிற சோப்பு மாதிரிப் பொருள் செல்லைக் கொல்லும், அதைக் கழுவி மாற்றாமல் "நானோராட் நச்சு" என்று முடிவு எழுதியவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, இந்த அளவுத் துகள் சிறுநீரில் வெளியேறாது. ஐந்தரை நானோமீட்டருக்குக் கீழே இருந்தால்தான் சிறுநீரகம் வடிகட்டி விடும், மீதியெல்லாம் கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய் உட்காரும், மாதக்கணக்கில். ஆராய்ச்சிக்கு அருமை. மனிதனுக்குப் போட நெறிமுறைக் குழுவைச் சம்மதிக்க வைப்பது வேறு வேலை.

நடுவில் நிற்பவையும் இருக்கின்றன, அவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டொராண்டோவில் 2011-ல் வந்த போர்ஃபிசோம், போர்ஃபிரின் ஒட்டிய கொழுப்பாலேயே கட்டிய பை. நெருக்கமாக அடுக்கியிருப்பதால் ஒளிர்வதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சூடாக்கும், உடலுக்குள் சிதைந்தும் போகும், யோசனையாக எனக்கு இதுதான் ரொம்ப அழகு. குறைகடத்திப் பாலிமர் துகள்கள் நானோராட் மாதிரி உருகாது, 2014-லிருந்து கான்யி பு, ஜியாங்ஹாங் ராவ் ஆகியோரின் வேலைகளால் பேர் வாங்கியவை. துளிக்குள் திரவமாக இருக்கும் பெர்ஃபுளோரோகார்பன் லேசர் பட்டதும் கொதித்துக் குமிழாகும், அந்த ஒரு தடவை சத்தம் பயங்கரம், அதற்குப் பிறகு சாதாரண அல்ட்ராசவுண்டிலும் குமிழ் தெரியும்.

மூன்றாவது வழி, எனக்குக் கெட்டிக்காரத்தனமாகப் படுவது: சாயத்தை அணைத்து அணைத்து ஏற்றுவது. இரத்தத்துக்கு ஸ்விட்ச் கிடையாது. பிஎஃப்பி1 (BphP1) என்று ஒரு பாக்டீரியாப் புரதம், ஒரு நிற ஒளி பட்டால் ஒரு வடிவத்துக்கும் இன்னொரு நிறம் பட்டால் பழைய வடிவத்துக்கும் போகும். 780 பக்கம் ஒளி கொடுத்தால் அந்த அலைநீளத்தில் குடிப்பது குறையும், 630 பக்கம் கொடுத்தால் திரும்ப ஏறும். ஏறியிருக்கும்போது ஒரு படம், இறங்கியிருக்கும்போது ஒரு படம், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரத்தம் முழுக்க மறைந்து புரதம் உள்ள செல் மட்டும் மிஞ்சும். 2016-ல் எலியின் உடலுக்குள் இப்படிக் காட்டினார்கள். கூட்டத்தில் ஒருத்தரைக் கண்டுபிடிக்க முகத்தைத் தேடாமல் "கையைத் தூக்குப்பா" என்று சொல்வது மாதிரி. செல்லுக்குள் மரபணுவைப் புகுத்த வேண்டும் என்பதால் மனிதருக்கு ஆகாது, கட்டி செல்களை எலியில் பின்தொடர அருமை.

நாலாவது, இலக்கைச் சந்தித்ததும் நிறம் மாறும் ப்ரோப். ஒரு நொதி வெட்டினாலோ, ஆக்ஸிஜன் பஞ்சம் வந்தாலோ, அமிலத்தன்மை மாறினாலோ உச்சம் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவும். இலினாயில் ஜெஃபர்சன் சான் குழு 2017-ல் ஆக்ஸிஜன் குறைவைக் காட்டும் அப்படி ஒரு மூலக்கூறைச் செய்தது. இங்கே ஒரு நுணுக்கம்: வெறுமனே 'மங்கலாக இருந்து பளிச்சென்று மாறும்' ப்ரோபைவிட, ஒரு உச்சம் இறங்கி இன்னொன்று ஏறும் ப்ரோப் பல மடங்கு மேல். இரண்டின் விகிதத்தை எடுத்தால், அந்த இடத்துக்கு எவ்வளவு ப்ரோப் போய்ச் சேர்ந்தது என்கிற தலைவலி கழிந்துவிடும். (ஆழத்தில் ஒளியின் நிறம் மாறும் தலைவலி போகாது, அது கூடவே வரும்.)

இனி உங்கள் ப்ராஜெக்ட். மேலே சொன்னதில் மூன்றாவதும் நாலாவதும் எம்.டெக். காலத்துக்குள் அடங்காது. ஐசிஜியையும் மெத்திலீன் ப்ளூவையும் வைத்துக்கொண்டே நல்ல வேலை செய்யலாம், அதனால்தான் கைடு முக்கால்வாசி சரி என்றேன். மீதிக் கால்வாசி என்னவென்றால், உங்கள் கேள்வி "நானோராட் உருகுவதை எப்படித் தடுப்பது" என்பது மாதிரி இருந்தால் நானோராட்தான் வேண்டும், ஐசிஜி அதற்குப் பதில் சொல்லாது. வெறுமனே படத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி வேண்டும் என்றால் நானோராட்டுக்குச் செலவழிப்பது வீண்.

ஃபேன்டம், அதாவது தசைக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் போலி மாதிரி, செய்ய வெளிநாட்டுச் சரக்கு வேண்டாம். அகர் அகரைக் கரைத்து, சிதறலுக்கு இன்ட்ராலிபிட் (நரம்பில் ஏற்றும் கொழுப்புக் கரைசல்) கிடைக்காத நாளில் ஆவின் பால் ஊற்றி, உறிஞ்சலுக்கு ஒரு சொட்டு இந்தியன் இங்க் விட்டு, டிரேயில் ஆறவிட்டால் போதும். பால் கொழுப்பு பாக்கெட்டுக்கு பாக்கெட் மாறுவதால் ஒரே பாக்கெட்டில் மொத்த செட்டையும் செய்துவிடுங்கள், நீலமும் பச்சையும் கலந்தால் தொலைந்தோம். அதற்குப் பிறகு கறிக்கடையில் எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி வாங்கி அதற்கு அடியில் குழாயை வைத்து ஆழத்தை ஏற்றிப் பாருங்கள். அதற்கும் பிறகுதான் உண்மையான பரீட்சை: ஆட்டுத்தொட்டியிலிருந்து, உறையாமலிருக்க ஹெபரின் கலந்து கொண்டுவந்த ஆட்டு ரத்தம் ஒரு குழாயில், அதே ரத்தத்தில் சாயம் கலந்தது பக்கத்துக் குழாயில். இந்த இரண்டு குழாயையும் பிரித்துக் காட்ட முடிந்த மிகக் குறைந்த செறிவு எவ்வளவு என்று ஒரு கிராஃப் போடுங்கள். தண்ணீரில் எடுத்த அதே கிராஃபைப் பக்கத்தில் வையுங்கள். என்னைக் கேட்டால் ஆய்வேட்டில் இந்த ஒரு பக்கம்தான் தேர்வாளர் நின்று படிக்கிற பக்கம்.

அப்புறம் வெப்பநிலை. இதை நான் சொந்தக் காசில் கற்றுக்கொண்டேன். ஒரு மே மாதம், காலையில் பழைய சாயத்தை அளந்தேன், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து புதிதாகச் செய்த சாயத்தை அளந்தேன், அதே செறிவு, அதே லேசர் சக்தி, சிக்னல் மூன்றில் ஒரு பங்கு அதிகம். சந்தோஷம் தாங்கவில்லை, கைடுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டேன், சாயந்தரம் மசால் தோசையும் வாங்கிக் கொடுத்தாயிற்று. மறுநாள் திரும்ப அளந்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பிறகுதான் தெரிந்தது, முந்தின நாள் மத்தியானம் ஏ.சி. கம்ப்ரசர் மண்டையைப் போட்டிருக்கிறது, மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்கு உறைக்கவில்லை, 22 டிகிரியில் இருந்த தண்ணீர்த் தொட்டி 30-க்கு வந்துவிட்டது. சூடு எவ்வளவு திறமையாக அழுத்தமாக மாறுகிறது என்பதைக் காட்டும் க்ரூனைசன் எண் தண்ணீருக்கு 22 டிகிரியில் சுமார் 0.12, 30-ல் 0.16, உடல் சூட்டில் 0.20. நான் கண்டுபிடித்தது புதுச் சாயம் இல்லை, சென்னை வெயில். அன்றிலிருந்து தொட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர் போட்டு, ஒவ்வொரு அளவீட்டுக்குப் பக்கத்திலும் டிகிரியை எழுதுவேன். பக்கத்தில் ஒரு கரி மைக் குழாயையும் வைத்து, சாயத்தின் சிக்னலை அதால் வகுத்துக்கொண்டால் லேசர் ஏறி இறங்குவதும் சேர்ந்தே சரியாகிவிடும்.

எலிக்குப் போவதாக இருந்தால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் இப்போதே விண்ணப்பம் போடுங்கள், கூட்டம் எப்போது நடக்கும் என்பது அவர்களுக்கே தெரியாது. அதுவரை ஆட்டு ரத்தமும் கோழிக்கறியும் போதும். ஆய்வகத்தில் தொங்கும் பச்சை லேசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு 800 நானோமீட்டர் பக்கம் போகாதீர்கள், 532-க்கு என்று எழுதியிருக்கும் கண்ணாடி 800-ஐத் தாராளமாக உள்ளே விடும், அந்த ஒளி கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. ஃபிரேமில் பொடி எழுத்தில் அலைநீள வரம்பு அச்சடித்திருப்பார்கள், போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள். ஐசிஜி குப்பியைக் காலையில் லேசர் சூடாகி நிலைக்கு வந்த பிறகு திறங்கள், முன்னாடியே வேண்டாம்.